அடுக்களை மேசையைப் படம் வரையும் மேசையாக்குவது

மேசை மேல் ஒரு வெள்ளைத் தாளை விரியுங்கள். ஒரு கிரேயானின் காகித உறையை உரித்துவிட்டு, அதைப் படுக்கப் போட்டுத் தாள் முழுக்க லேசாகத் தேயுங்கள். மேசையில் இருக்கிற ஒவ்வொரு குழியும், கத்திக் கீறலும், மரத்தின் ரேகையும் தாளில் எழும்பி வரும். பழைய மேசையைப் பிள்ளைகளுக்குப் படம் வரையத் தயார் செய்கிறவர்கள் முதலில் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். நான் செய்யாமல் விட்டேன். அதனால் ஒரே மேசையை இரண்டு முறை தேய்க்க வேண்டியதாகிவிட்டது.

இது என் மாமியாரின் அடுக்களையில் இருந்த மேசை. தேக்கு. நாலடி நீளம், இரண்டரை அடி அகலம். நாற்பது வருடம் அதன் மேல்தான் காய் நறுக்கினார்கள், சப்பாத்தி தேய்த்தார்கள், தீபாவளிக்கு முறுக்கு பிழிந்தார்கள். ஒரு ஓரத்தில் தேங்காய்த் துருவியைத் திருகி மாட்டிய இடம் அரை நிலா வடிவில் பள்ளம் விழுந்து கிடக்கும். அடுக்களையைப் புதிதாகக் கட்டியபோது மேசை பின்கட்டுக்குப் போய், வெங்காய மூட்டை வைக்கிற இடமாகிவிட்டது. அதை வாங்கிவந்து, உப்புத்தாள் போட்டு மேலாகத் தேய்த்து, கடையில் கிடைத்த பளபளப்பு வார்னிஷை இரண்டு பூச்சு அடித்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அன்று சாயங்காலமே பெரியவள் வந்து, "அம்மா, என் சூரியன்ல கோடு கோடா வருது" என்றாள். தேக்கின் ரேகை அப்படியே தாளில் ஏறியிருந்தது. ஜன்னல் வெளிச்சம் பளபளப்பில் பட்டு, தாளைச் சுற்றிக் கண்ணும் கூசியது.

அப்புறம்தான் அப்பாவுக்குப் போன் செய்தேன். அப்பா காரைக்குடிப் பக்கத்தில் மரத்துக்கு மெருகு போடுகிறவர். பதினைந்து வயதில் தொழிலுக்குப் போனவருக்கு இப்போது எழுபத்தொன்று. செட்டிநாட்டு வீடுகளின் பர்மா தேக்குக் கதவுகளிலேயே அவர் கை பழகியது. வந்தவர் மேசையைப் பார்க்கக்கூட இல்லை. கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் ஒரு முறை தடவினார். "ஆத்தா, சாப்பிடுற மேசை கண்ணுக்கு நல்லா இருந்தாப் போதும். எழுதுற மேசை கைக்கு ஒண்ணுமே தெரியக் கூடாது" என்றார். இனிமேல் எழுதப்போவதெல்லாம் அவர் சொல்லச் சொல்ல நான் செய்தது.

முதலில் மரம் என்ன என்று பாருங்கள். மேற்பரப்பின் ரேகை விளிம்பில் இறங்கித் தொடர்ந்தால் அது முழு மரப்பலகை, தைரியமாகத் தேய்க்கலாம். விளிம்பில் அடுக்கடுக்காகத் தெரிந்தால் ஒட்டுப்பலகை. அதன் மேல்தோல் மிக மெல்லியது, முரட்டுத் தாள் போட்டால் ஓட்டை விழுந்துவிடும்.

அடுத்தது பழைய பெயிண்ட். இதில் மட்டும் அவசரம் வேண்டவே வேண்டாம். எங்கள் மேசையின் கால்களில் பச்சை எனாமல் பெயிண்ட் இருந்தது, எண்பதுகளில் அடித்தது. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2016இல் வந்து, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டில் ஈயம் இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஈயத் தூசு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஆகவே பழைய பெயிண்டைக் காய்ந்தபடி உப்புத்தாளால் தேய்க்கவே கூடாது. மொட்டை மாடியிலோ முற்றத்திலோ பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, பெயிண்ட் ரிமூவரைத் தடவி ஊறவிட்டு, ஈரமாகவே சுரண்டி எடுங்கள். சுரண்டியதை விரிப்போடு சுருட்டிக் கட்டி அப்புறப்படுத்துங்கள். பிள்ளைகள் அன்று பாட்டி வீட்டில் இருக்கட்டும். கையுறையும் முகமூடியும் கட்டாயம்.

கால் ஆடுகிறதா என்பதையும் இப்போதே பாருங்கள். ஆடுகிற மேசையில் ஒரு பிள்ளை ரப்பர் போட்டு அழித்தால் எதிரில் இருக்கிற பிள்ளையின் கோடு கோணிக்கொண்டு போகும், வீட்டில் சண்டைதான். எங்கள் மேசையில் ஒரு கால் மூட்டு தளர்ந்திருந்தது. அப்பா பழைய பசையைச் சுரண்டி, தேக்கின் எண்ணெய்ப் பிசுக்குப் போக ஸ்பிரிட் என்கிற எரிசாராயம் தொட்ட துணியால் துடைத்து, ஃபெவிகால் வைத்து, மெல்லிய தேக்கு ஆப்பு ஒன்றை அடித்து இறக்கினார். ஒரு நாள் முழுக்க அதைத் தொடவிடவில்லை.

இனிக் கறை. அடுக்களை மேசையில் எண்ணெய்ப் பிசுக்கு, மஞ்சள், இரும்பு என்று மூன்று விதக் கறை உண்டு. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

எண்ணெய்ப் பிசுக்கைத் தேய்ப்பதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். பிசுக்கோடு தேய்த்தால் உப்புத்தாள் அடைத்துக்கொள்ளும், எண்ணெயும் மரத்துக்குள் இறங்கும். பாத்திரம் கழுவுகிற சோப்பை வெந்நீரில் கரைத்து, நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்தெடுங்கள். சலவை சோடா போடாதீர்கள். அது தேக்கைக் கறுக்க வைத்துவிடும்.

மஞ்சள் கறைக்கு வெயில் போதும். வேட்டியில் பட்ட சாம்பார் கறை வெயிலில் காயக் காய மங்குவதை எல்லோரும் பார்த்திருப்போம், அதேதான். பழைய வார்னிஷ் போனதும் மேசையை நாலு நாள் காலையில் எட்டு மணி முதல் ஒன்பதரை வரை மாடியில் போட்டேன். மஞ்சள் போன இடம் தெரியவில்லை. உச்சி வெயிலில் போட்டால் பலகை வளையும், வெடிக்கும், அது வேண்டாம்.

கறுப்பு வளையங்கள் மட்டும் எத்தனை தேய்த்தாலும் போகாது. ஈரமான தோசைக்கல்லையும் இரும்புச் சட்டியையும் வைத்த இடங்கள் அவை. மரத்தின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்து கறுத்துப்போனது, மை மாதிரி உள்ளே இறங்கியிருக்கும். இதற்கு ஆக்ஸாலிக் ஆசிட் தூள். பிளாஸ்டிக் டம்ளர் ஒன்றில் வெந்நீர் எடுத்து இரண்டு டீஸ்பூன் கரைத்து, பழைய பிரஷால் பலகை முழுவதும் தடவினோம். கறை மேல் மட்டும் தடவினால் அந்த இடம் வெளுத்துத் திட்டாகத் தெரியும். அரை மணியில் வளையங்கள் கண்ணெதிரே கரைந்தன. அப்புறம் நல்ல தண்ணீரில் மூன்று முறை துடைத்தெடுத்து, ஒரு நாள் நிழலில் காயவிட்டோம். இந்தத் தூள் விஷம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மீதியைப் பூட்டி வையுங்கள். சரியாகத் துடைக்காமல் விட்டால், அடுத்து உப்புத்தாள் போடும்போது அந்தத் தூள் மூக்கில் ஏறும்.

அடிபட்டு அமுங்கிய பள்ளங்களும் கத்திக் கீறல்களும் ஒன்றல்ல. அமுங்கின இடத்தில் மரம் நசுங்கி இருக்கிறது, அவ்வளவுதான். நனைத்த துணியை அதன் மேல் போட்டு, சூடான இஸ்திரிப் பெட்டியைச் சில விநாடி வைத்தால் ஆவி பட்டு நார் உப்பி மேலே வந்துவிடும். அம்மிக்குழவி விழுந்த பள்ளம் ஒன்று இப்படி மூன்று தடவையில் மேலே எழும்பியது. கத்திக் கீறலில் நார் அறுந்துபோயிருக்கிறது, அது எழும்பாது. அதைப் பிறகு அடைக்க வேண்டும்.

தேய்க்கிற வேலைக்கு 80, 120, 180, 220 என்று நாலு எண் உப்புத்தாள் வாங்கிக்கொள்ளுங்கள். எண் ஏற ஏறத் தாள் மென்மையாகும். கையில் வெறுமனே பிடித்துத் தேய்த்தால் விரல் அழுத்துகிற இடம் மட்டும் பள்ளமாகும். செங்கல்லில் பாதி அளவு மரக்கட்டையில் தாளைச் சுற்றிப் பிடியுங்கள். ரேகை ஓடுகிற திசையிலேயே போக வேண்டும். குறுக்கே போன ஒவ்வொரு கீறலும் மெருகு ஏறின பிறகு பல்லைக் காட்டும்.

எந்த எண்ணில் எதுவரை தேய்ப்பது என்பதுதான் எனக்குப் பெரிய குழப்பமாக இருந்தது. அப்பா பென்சிலை எடுத்துச் சின்னவன் கையில் கொடுத்து, "மேசை பூரா கிறுக்குடா, அழுத்தாம கிறுக்கணும்" என்றார். அவனால் நம்ப முடியவில்லை. என் முகத்தைப் பார்த்தான். நான் தலையாட்டியதும் ஐந்தே நிமிடத்தில் பலகை முழுக்கச் சுழி சுழியாகக் கிறுக்கி முடித்தான். "இந்தக் கிறுக்கல் எல்லா இடத்திலயும் போயிருச்சுன்னா அந்தத் தாள் முடிஞ்சது. எங்க மிச்சம் இருக்கோ அங்க பள்ளம்" என்றார் அப்பா. 80இல் ஒரு கிறுக்கல், 120இல் ஒன்று, 180இல் ஒன்று. மேசையின் நடுவில், நாற்பது வருடம் காய் நறுக்கின இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குப் பென்சில் கோடு போகவே இல்லை. அங்கே மட்டும் குடைந்து தேய்த்தால் பள்ளம் இன்னும் ஆழமாகும். சுற்றியுள்ள பலகை முழுவதையும் அந்த மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். 80இலேயே இரண்டு நாள் போனது. தேய்க்கும்போது பிள்ளைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது. தேக்குத் தூசு மூக்கையும் தோலையும் அரிக்கும். தூசைத் துடைத்தெடுத்த பிறகு, அடுத்த கிறுக்கலுக்குத்தான் அவனைக் கூப்பிடுவோம்.

அதில் வந்த மெல்லிய தூசை ஒரு டப்பாவில் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். கத்திக் கீறலை அடைக்க அதே மரத்தின் தூசைவிடப் பொருத்தமான நிறம் வேறு கிடையாது.

முனைகளையும் விளிம்பையும் உருட்டிவிடுங்கள். நடை பழகுகிற பிள்ளையின் நெற்றியும் மேசை முனையும் ஏறக்குறைய ஒரே உயரம். துருவி மாட்டிய அரை நிலாப் பள்ளத்தை நான் மட்டம் தட்டவில்லை, கூர்மையை மட்டும் எடுத்தேன். பெரியவள் அதில் பென்சிலைச் சாய்த்து வைத்துக்கொள்கிறாள்.

220 முடிந்ததும் பலகையை ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்துக் காயவிடுங்கள். தடவினால் பூனை நாக்கு மாதிரி சொரசொரப்பாக இருக்கும். படுத்திருந்த நார் தண்ணீர் பட்டு எழுந்து நிற்கிறது. அதை அதே 220 தாளால் லேசாகச் சீவிவிட்டால் பிறகு எழாது.

இப்போது எந்தப் பூச்சு என்ற கேள்வி. கரும்பலகைப் பெயிண்ட் அடிக்கலாமே என்று நிறைய பேர் கேட்டார்கள். சாக்பீஸில் எழுத அது சரி. தாளை வைத்து வரையச் சொரசொரப்பு இடிக்கும். சன்மைக்கா ஒட்டுவது சுலபம்தான். விளிம்பு பெயர்ந்தால் முழுவதையும் உரிக்க வேண்டும். பாலியூரிதேன் பூச்சு நல்ல கெட்டி, ஆனால் கீறல் விழுந்த இடத்தை மட்டும் சரி செய்ய முடியாது, பலகை முழுக்கத் தேய்த்துத்தான் மறுபடி பூச வேண்டும். நான்கூட அந்தக் கெட்டிப் பூச்சுதான் வேண்டும் என்று கேட்டேன். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. பிள்ளைகள் இதைக் கெடுக்கத்தான் போகிறார்கள், கெடுக்கட்டும். ஒரு மணி நேரத்தில் சரி செய்ய முடிகிற பூச்சாக இருந்தால் நீ அவர்களைத் திட்ட மாட்டாய், இதுதான் அவர் சொன்னது. அந்தப் பேச்சு என்னை அசைத்துவிட்டது. மேசையைக் காப்பாற்றப் பிள்ளைகளை அதட்டுவதாக இருந்தால், பிறகு எதற்கு அவர்களுக்கு மேசை?

அந்தப் பூச்சு அரக்கு. ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் காடுகளில் புரசு, இலந்தை மரங்களில் ஒரு சின்னப் பூச்சி சுரக்கிற பிசின். நாம் விழுங்குகிற மாத்திரைகள் சிலவற்றின் மேல்பூச்சும் இதேதான், காய்ந்த பிறகு பிள்ளைகளுக்குப் பயமில்லை. தேக்கின் எண்ணெய்ப் பசைக்கு மேல்கூட நன்றாகப் பிடிக்கும். எல்லாவற்றையும்விட, புதுப் பூச்சு பழைய பூச்சைக் கரைத்து அதோடு ஒன்றாகிவிடும். ஒட்டுப்போட்ட இடம் தெரியாது.

அரை லிட்டர் ஸ்பிரிட்டில் நூறு கிராம் அரக்குச் செதில் போட்டு, மூடி ஒரு இரவு வையுங்கள், அவ்வப்போது குலுக்குங்கள். மறுநாள் பழைய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். புட்டியில் தேதி எழுதிவிடுங்கள். கரைத்த அரக்கு ஆறு மாதத்துக்கு மேல் ஆனால் பூசினாலும் காயாமல் பிசுபிசுக்கும். சந்தேகம் இருந்தால் கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரம் கழித்தும் நகம் பதிந்தால் கொட்டிவிடுங்கள். ஸ்பிரிட் சட்டென்று பற்றிக்கொள்ளும். அடுப்பு, விளக்கு, ஊதுபத்தி எதுவும் அருகில் கூடாது. அதில் மெத்தனால் கலந்திருக்கும், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் இந்த வேலையை எடுக்காதீர்கள். காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துப் பூச்சு பால் மாதிரி வெளுத்துவிடும். நாங்கள் மாசியில் செய்தோம்.

முதல் பூச்சைப் பூசினோம். கத்திக் கீறல்களில் சேர்த்து வைத்த தூசை அரக்கில் குழைத்து அப்பினோம். அடுத்து வருவதுதான் என் முதல் முயற்சியில் இல்லாத வேலை.

தேக்கை உற்றுப் பாருங்கள். ஊசியால் கீறியது போல நீள நீளமான குழிகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். அவைதான் பெரியவளின் சூரியனில் கோடாக ஏறியவை. ஒரு கையகல இடத்தில் அரக்கைத் தடவி, அது ஈரமாக இருக்கும்போதே 320ஆம் எண் நீர்த்தாளால் (நனைத்துத் தேய்க்கிற உப்புத்தாள்) வட்ட வட்டமாகத் தேய்க்க வேண்டும். மரத்தூசும் அரக்கும் கலந்து செம்மண் சேறு மாதிரி வரும். அந்தச் சேறு குழிக்குள் இறங்கும். இறுகத் தொடங்கியதும் ரேகைக்குக் குறுக்காக ஒரு பழைய சாக்குத் துணியால் மிச்சத்தை வழித்துவிட்டு அடுத்த கையகலத்துக்குப் போக வேண்டும். காய்ந்ததும் சேறு கொஞ்சம் உள்வாங்கும். அதனால் ஒரு நாள் விட்டு ஒரு நாள், மூன்று முறை. ஒவ்வொரு முறையும் தாள் விரித்துக் கிரேயான் சோதனை செய்தோம். முதல் நாள் தாளில் ரேகை மழைக் கோடு மாதிரி நிறைந்திருந்தது. இரண்டாம் முறை அங்கங்கே சில கோடு. மூன்றாவது முறை வெறும் நீல நிறம் மட்டும். அந்த மூன்று தாளையும் வைத்திருக்கிறேன்.

மேல்பூச்சுக்குப் பிரஷ் வேண்டாம். பஞ்சைச் சாத்துக்குடி அளவு உருட்டி, பழைய வேட்டித் துணியில் சுருக்கமில்லாமல் பொதிந்து கட்டுங்கள். அரக்கை உள்ளே பஞ்சில் ஊற்றி, அழுத்தினால் துணியில் லேசாகக் கசிகிற அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கை ஓட்டத்திலேயே மேசையைத் தொட வேண்டும், ஓட்டத்திலேயே எடுக்க வேண்டும். நடுவில் நின்றால் துணி ஒட்டிக்கொண்டு அச்சு விழும். விட்டுப்போன இடத்துக்குத் திரும்பிப் போகாதீர்கள், அடுத்த பூச்சில் பார்த்துக்கொள்ளலாம். முக்கால் மணிக்கு ஒன்றாக, ஒரு நாளைக்கு மூன்று வீதம் ஆறு பூச்சு பூசினோம். அடிப்பக்கத்துக்கும் இரண்டு பூச்சு உண்டு. மேலே மட்டும் பூசினால் ஒரு பக்கம் ஈரம் இழுத்துப் பலகை வளையும்.

இப்போது மேசை கண்ணாடி மாதிரி மின்னும். ஒரு வாரம் விட்டு அந்த மினுக்கத்தை எடுத்துவிட வேண்டும். பாத்திரம் தேய்க்கிற பச்சை நார், புதிதாக ஒன்று, சோப்புத் தண்ணீர் தொட்டு ரேகைத் திசையில் இழுத்தால் போதும். இரும்புக் கம்பி நார் வேண்டாம், அதன் துணுக்கு மாட்டினால் மறுபடி கறுப்புப் புள்ளி வரும். மெழுகும் போடாதீர்கள். மெழுகு போட்டால் தாள் வழுக்கும், தாளை ஒட்டுகிற டேப்பும் பிடிக்காது.

உயரம் பற்றி ஒரு வார்த்தை. மேசை 74 செ.மீ. காலை வெட்டிவிடலாமா என்று கேட்டதற்கு, "பிள்ளைங்க வளரும், வெட்டின கால் வளராது" என்றார் அப்பா. 128 செ.மீ. உயரமுள்ள பெரியவளுக்கு உட்காரும் இடத்துக்கும் மேசைக்கும் நடுவே 24 செ.மீ. சரியாக இருக்கிறது. அப்படியென்றால் அவள் நாற்காலி 50 செ.மீ. இருக்க வேண்டும், கால் தொங்கும். அதற்கு 15 செ.மீ. உயரத்தில் ஒரு கால்பலகை செய்து போட்டோம். கால் ஊன்றாத பிள்ளை பத்து நிமிடத்தில் எழுந்து ஓடிவிடும். சின்னவன் நின்றுகொண்டேதான் வரைகிறான், அவனுக்கு ஒரு மணை.

மேசையின் ஒரு முனையில், பலகைக்கு அடியில் திரைச்சீலைக் கம்பி ஒன்றை மாட்டி, அச்சகத்தில் மிஞ்சிய காகிதச் சுருளைக் கோத்திருக்கிறேன். மறு முனை வரை இழுத்து டேப் போட்டுவிட்டால், இரண்டு பேரும் எதிரெதிரே நின்று ஒரே தாளில் வரையலாம். மார்கழியில் பெரியவள் பதினைந்து புள்ளிக் கோலத்தை இதில் பழகிவிட்டுத்தான் வாசலுக்குப் போனாள்.

பலகையில் கிரேயான் பட்டால் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்து, சோப்புத் துணியால் எடுத்துவிடலாம். வாட்டர் கலர், போஸ்டர் கலர் ஈரத்துணிக்கே போகும், ஊறவிடாமல் துடையுங்கள். பர்மனென்ட் மார்க்கரும், வெள்ளைப் பலகை மார்க்கரும், கை கழுவுகிற சானிடைசரும் மட்டும் இந்த மேசைக்கு ஆகாது. ஸ்பிரிட் கலந்த எதுவும் அரக்கைக் கரைக்கும். சூடான டம்ளரும் வெள்ளை வளையம் போடும்.

எங்கள் வீட்டில் அந்த வளையத்தைப் போட்டது நான்தான், காபி டம்ளரால். அப்பா போனிலேயே சொன்னார். துணிப் பொதியில் ஸ்பிரிட்டைச் சில சொட்டு மட்டும் விட்டு, உலர்ந்த மாதிரி இருக்கும்போது வளையத்தின் மேல் காற்று வீசுவது போல நாலு தடவை ஓட்டினேன். வெள்ளை கலைந்தது. மேலே ஒரு பூச்சு அரக்கு, அரை மணி உலர்த்தல், பச்சை நாரால் இரண்டு இழுப்பு. பெரியவள் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் முடிந்துவிட்டது. இப்போது சின்னவன் பக்கத்தில் மார்க்கர் கோடு இரண்டு இருக்கிறது, மாசி வரட்டும் என்று விட்டுவைத்திருக்கிறேன். புட்டியில் இருப்பது பழசாகிவிட்டது, புதிதாக நூறு கிராம் கரைக்க வேண்டும்.